இயேசுவின் வாழ்க்கையை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது? விசுவாசத்தில் வளர்கிறோம் என்று எப்படித் தெரியும்?

பொறையாறு மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிறந்த வீடு கொரடாச்சேரி பக்கம் ஒரு கிராமம், இந்துக் குடும்பம். வாக்கப்பட்டு வந்தது பொறையாறில், தலைமுறை தலைமுறையாக லுத்தரன் சபையில் இருக்கிற வீட்டுக்கு. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. மாமனார் படுத்த படுக்கையாகக் கிடந்த நாட்களில் அத்தை அவருக்குக் கஞ்சி ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, அப்படியே கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணுவார்கள். மாமா பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்த அன்று ராத்திரி காலியான அதே கட்டிலைப் பிடித்துக்கொண்டு அத்தை நன்றி சொல்லி ஜெபித்தார்கள். இவர்கள் நம்புகிறவர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அங்கேதான் வந்தது. அப்புறம் நானாகக் கேட்டு ஞானஸ்நானம் எடுத்தேன்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், எனக்கு வசனங்கள் தெரிகிறது, இயேசுவின் வாழ்க்கை தெரியவில்லை. புது வருஷ ஆராதனையில் கொடுத்த வாக்குத்தத்த அட்டை ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது, காலண்டரில் தேதிக்கு ஒரு வசனம், காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் வரிசையாக வசனம். ஆனால் இதை இயேசு யாரிடம் சொன்னார், எந்த ஊரில் வைத்துச் சொன்னார், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஓய்வுநாள் பாடசாலைக்குப் போகிற நாத்தனார் மகன் பன்னிரண்டு சீஷர்கள் பெயரையும் மூச்சு விடாமல் சொல்கிறான். எனக்கு பேதுரு, யோவான், தோமா, யூதாஸ், அதற்கு மேல் ஓடவில்லை. சரி, முதலிலிருந்து வாசிக்கலாம் என்று மத்தேயுவைத் திறந்தால் முதல் பக்கமே அவன் இவனைப் பெற்றான், இவன் அவனைப் பெற்றான் என்று போகிறது. மூடி வைத்துவிட்டேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். வீட்டுக் கூட்டங்களில் சாட்சி சொல்கிறவர்கள் எல்லாரும் பெரிய பெரிய காரியங்களைச் சொல்கிறார்கள். வியாதி போனது, கடன் அடைந்தது, கனவில் தரிசனம் கிடைத்தது. என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை. ஜெபிக்கிறேன், சில நாள் மனசு ஒட்டுகிறது, சில நாள் ஒட்டவே மாட்டேன் என்கிறது. நான் விசுவாசத்தில் வளர்கிறேனா, இல்லை ஞானஸ்நானம் எடுத்த அன்று நின்ற இடத்திலேயே நிற்கிறேனா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தஞ்சாவூர் டீச்சர்:

மகளே, மத்தேயுவை இப்போதைக்கு விட்டுவிட்டு மாற்குவை எடுங்கள். தஞ்சாவூரில் வாலிபப் பெண்களோடு உட்கார்ந்து வேதம் வாசிக்கிற வேலையைப் பல வருஷமாகச் செய்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் கொடுப்பது எப்போதும் மாற்குதான். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்கிற நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சின்னது. 16 அதிகாரம், ஒரே மூச்சில் வாசித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வம்ச வரிசை கிடையாது, பிறப்புக் கதைகூடக் கிடையாது. முதல் அதிகாரத்துக்குள்ளேயே யோர்தானில் ஞானஸ்நானம் வாங்குகிறார், வனாந்தரத்தில் 40 நாள் இருக்கிறார், மீன் பிடிக்கிற நான்கு பேரைக் கூப்பிடுகிறார், கப்பர்நகூமில் ஜெப ஆலயத்தில் போதிக்கிறார், பேதுருவின் மாமியாருக்குக் காய்ச்சலை நீக்குகிறார், சாயங்காலம் ஊரே வாசலில் கூடுகிறது, மறுநாள் இருட்டோடு எழுந்து தனியாகப் போய் ஜெபிக்கிறார். பேதுரு சொல்லக் கேட்டு மாற்கு எழுதினார் என்பது ஆதிச் சபையிலிருந்து வருகிற செய்தி. வாசித்தால் அப்படித்தான் தோன்றும். புயலடிக்கும்போது படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார் என்பதையும், ஐயாயிரம் பேரைப் பசும்புல்லின் மேல் உட்காரவைத்தார் என்பதையும் கூட இருந்த ஆள்தான் சொல்ல முடியும்.

வாசிக்கும்போது இடத்தையும் காலத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் வசனம் காலண்டரை விட்டு இறங்கி வரும். நாசரேத்து மலைப்பாங்கான இடத்தில் ஒரு சின்ன ஊர், எருசலேமில் இருக்கிற பெரிய மனிதர்கள் மதிக்காத கலிலேயாவில் இருக்கிறது. அங்கே தச்சராக இருந்தார். ஊழியம் தொடங்கும்போது அவருக்கு ஏறக்குறைய 30 வயது என்று லூக்கா சொல்கிறார். கலிலேயாக் கடல் என்று பெயர் இருந்தாலும் அது நன்னீர் ஏரி, நீளம் 21 கிலோமீட்டர் அளவுக்கு இருக்கும். மாற்குவில் முதல் பாதியில் நடக்கிற பெரும்பாலான காரியம் அந்த ஏரியைச் சுற்றித்தான். நாடு ரோமர்கள் கையில், வரி வசூலிக்கிறவனைக் கண்டால் ஜனங்களுக்கு ஆகாது. அப்படிப்பட்ட ஒருவனை, சுங்கச்சாவடியில் உட்கார்ந்திருந்த லேவியைப் பார்த்து "வா" என்கிறார், அவன் வீட்டிலேயே சாப்பிடுகிறார் என்றால் பேதுருவும் அந்திரேயாவும் என்ன நினைத்திருப்பார்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதே ஏரியில் மீன் பிடித்து அதே ஆட்களுக்கு வரி கட்டிய குடும்பம்.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். 11-ம் அதிகாரத்தில் கழுதைக்குட்டியின் மேல் எருசலேமுக்குள் வருகிறார், அதிலிருந்து கடைசி வரைக்கும் ஒரே வாரத்துக் கதைதான். 16 அதிகாரத்தில் ஆறு அதிகாரம் ஒரு வாரத்துக்கு! எழுதியவருக்கு எது முக்கியமாகப் பட்டது என்று இதிலேயே தெரிகிறது. அற்புதங்களை வேகவேகமாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் சிலுவைப் பக்கம் வந்ததும் மணிக்கணக்கு சொல்ல ஆரம்பிக்கிறார்: மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி, அதாவது நம் கணக்கில் காலை ஒன்பது, மதியம் பன்னிரண்டு, பிற்பகல் மூன்று.

அப்புறம் உங்கள் இரண்டாவது கேள்வி. அதற்கு மாற்குவிலேயே பதில் இருக்கிறது, 8-ம் அதிகாரத்தில். பெத்சாயிதாவில் ஒரு குருடனை ஊருக்கு வெளியே கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகிறார். கையை வைத்துவிட்டு, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். மனிதர்கள் நடக்கிற மரங்கள் மாதிரித் தெரிகிறார்கள் என்கிறான். மறுபடியும் கையை வைக்கிறார், பிறகுதான் தெளிவாகத் தெரிகிறது. இரண்டு கட்டமாக நடந்த குணமாக்குதல் சுவிசேஷங்களில் இது ஒன்றுதான். அடுத்த பத்தியில் பேதுரு "நீர் கிறிஸ்து" என்கிறார், சரியான பதில், அடுத்த நிமிஷமே இயேசு தாம் பாடுபட்டுக் கொல்லப்படுவதைப் பற்றிச் சொல்ல, அதே பேதுரு அவரைத் தனியாக அழைத்துக் கடிந்துகொள்கிறார். பாதி தெரிந்தது, மீதி மரங்களாகத் தெரிந்தது. அங்கிருந்து 10-ம் அதிகாரம் வரை மூன்று தடவை தம் மரணத்தைச் சொல்கிறார். ஒரு தடவை பேதுரு தடுக்கிறார், ஒரு தடவை தங்களில் யார் பெரியவன் என்று வழியிலே தர்க்கம் பண்ணுகிறார்கள், ஒரு தடவை யாக்கோபும் யோவானும் வலது பக்கமும் இடது பக்கமும் இடம் கேட்கிறார்கள். கூடவே நடந்தவர்களுக்கு இந்த நிலைமை. ஆனால் ஒருவரையும் அவர் திருப்பி அனுப்பவில்லை. அவர்கள் வளர்ந்தார்கள் என்றால் அவரை விட்டுப் போகாமல் கூடவே நடந்ததால் வளர்ந்தார்கள். ஓடிப்போன பிறகும் திரும்பி வந்ததால் வளர்ந்தார்கள். நீங்களும் அவர் கூட நடக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள், எவ்வளவு தூரம் வந்தோம் என்று அளக்க வேண்டாம்.

சின்னப் பையனுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லையே என்று எழுதியிருக்கிறீர்கள். தரங்கம்பாடி உங்களுக்குக் கூப்பிடு தூரம்தானே. 1706 ஜூலையில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு அந்தக் கரையில் வந்து இறங்கும்போது அவருக்கு 24 வயது நிரம்பவில்லை, ஒரு எழுத்து தமிழ் தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் அ, ஆ கற்றுக்கொண்டார். 1715-ல் அதே ஊரில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. நீங்களும் அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து சீஷர்கள் பெயரை அவனிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், அவனுக்கும் சந்தோஷமாக இருக்கும்.

திருக்காட்டுப்பள்ளிக்காரர்:

நான் கத்தோலிக்கன், பூண்டி மாதா கோயில் எங்களுக்குப் பக்கம். டீச்சரம்மா சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து. இந்தச் சகோதரி கேட்டது இயேசுவின் வாழ்க்கை. வாழ்க்கை என்றால் பிறப்பிலிருந்து தெரிய வேண்டாமா? அதற்கு லூக்கா நற்செய்திதான் வசதி. ஏரோது காலம், பெத்லகேம், இடையர்கள், கோயிலில் காணிக்கையாகக் கொடுத்தது, 12 வயதில் பாஸ்கா விழாவுக்கு எருசலேம் போய்ப் பெற்றோரை விட்டுப் பின்தங்கியது, எல்லாம் அதில்தான் இருக்கிறது. அந்தப் பகுதியைப் பாருங்கள். மூன்று நாள் தேடி அலைந்த பிறகு மகனைக் கண்டுபிடிக்கிறார்கள், அவர் சொல்கிற பதில் மரியாவுக்கும் யோசேப்புக்கும் புரியவில்லை என்றே லூக்கா எழுதுகிறார். புரியாததை அந்த அம்மா தூக்கி எறியவில்லை, மனதில் வைத்துக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான் இயேசு ஞானத்திலும் உடல் வளர்ச்சியிலும் மிகுந்து வந்தார் என்று வருகிறது. அவரே வளர்ந்தார் என்றால் நமக்கு ஒரே நாளில் எல்லாம் வந்துவிட வேண்டும் என்று ஏன் அவசரப்பட வேண்டும்?

அதோடு யோவானில் நிக்கதேம் என்கிறவரை மட்டும் தேடிப் பிடித்து வாசியுங்கள், அவர் மூன்றே இடத்தில்தான் வருகிறார். 3-ம் அதிகாரத்தில் யாரும் பார்க்காமல் ராத்திரியில் வருகிறார், கேள்வி மேல் கேள்வி கேட்கிறார், புரிந்ததா இல்லையா என்றுகூடத் தெரியாது. 7-ம் அதிகாரத்தில் தலைமைச் சங்கத்தார் நடுவில், ஒருவனை விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லலாமா என்று ஒரே ஒரு வார்த்தை பேசுகிறார், உடனே அவரை அடக்கிவிடுகிறார்கள். 19-ம் அதிகாரத்தில், பன்னிருவரில் பெரும்பாலோர் ஓடிப்போன நேரத்தில், நூறு இராத்தல் வெள்ளைப்போளமும் கரியபோளமும் கலந்த கலவையோடு அடக்கத்துக்கு வந்து நிற்கிறார். அவர் எந்த அற்புதத்தைப் பற்றியும் சாட்சி சொன்னதாக எழுதவில்லை. நாங்கள் ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறபோது நான் அவரைத்தான் நினைத்துக்கொள்வேன், ஏனென்றால் நானும் பேசத் தெரியாத ஆள்.

எங்கள் பக்கம் ஞாயிறு திருப்பலியில் மத்தேயு, மாற்கு, லூக்கா என்று ஆண்டுக்கு ஒன்றாக, மூன்று ஆண்டுச் சுழற்சியில் வாசிப்பார்கள். மூன்று வருஷம் தவறாமல் காது கொடுத்துக் கேட்டாலே வாழ்க்கை முழுக்க மனதில் ஓடிவிடும்.

மன்னார்குடி விவசாயி:

தங்கச்சி, எங்கிருந்து வாசிப்பது என்பதைப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். வளர்வது எப்படித் தெரியும் என்று கேட்டீர்களே, அதற்கு மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் இது நாங்கள் தினமும் பார்க்கிற விஷயம், இயேசுவும் இதை வயலை வைத்துத்தான் சொன்னார்.

மாற்கு 4-ல் விதைக்கிறவன் உவமை எல்லாருக்கும் தெரியும். அதற்குக் கொஞ்சம் கீழே இன்னொரு சின்ன உவமை இருக்கிறது, மாற்குவைத் தவிர வேறு யாரும் எழுதவில்லை. ஒருவன் விதைத்துவிட்டு ராத்திரி தூங்குகிறான், பகலில் எழுந்திருக்கிறான், அவனுக்குத் தெரியாமலே விதை முளைத்து வளர்கிறது. முதலில் முளை, பிறகு கதிர், பிறகு கதிர் நிறைந்த தானியம். அவர்களுடையது மழையை நம்பி விதைக்கிற கோதுமை, நம்முடையது மேட்டூர்த் தண்ணீரில் வருகிற நெல், ஆனாலும் சங்கதி ஒன்றுதான். சம்பாவில் நட்ட பிறகு தூர் கட்டுகிற பருவம் என்று ஒன்று வரும். வரப்பில் நின்று பார்க்கிறவனுக்குப் பச்சையாகத் தெரியுமே தவிர ஒன்றும் நடப்பதாகத் தெரியாது, போன வாரம் பார்த்த மாதிரிதான் இருக்கும். எத்தனை கதிர் வரப்போகிறது என்பது அந்தப் பருவத்தில்தான் முடிவாகிறது. அந்த நேரத்தில் களையையும் தண்ணீரையும் கவனிக்காமல் விட்டவன் பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் விட்டதைப் பிடிக்க முடியாது.

அதனால் விவசாயி சும்மா தூங்கினால் போதும் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். வளர்ப்பது அவர் வேலை, களை எடுப்பது நம் வேலை. முள்ளுக்குள் விழுந்த விதையைப் பற்றி அவரே விளக்கம் சொல்கிறார்: உலகக் கவலை, பணத்தின் மயக்கம், மற்றதன் மேல் வருகிற ஆசை. மூன்றும் எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது, என் வீட்டிலும் இருக்கிறது.

கஜா புயல், 2018 நவம்பர் 16. எங்கள் பக்கம் தென்னை ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடந்தது. கரண்டு இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. எனக்கு ஜெபம் வரவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும், ஆலயத்தில் போய்ப் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வருவேன். ஆனால் தெருவில் ஒருவர் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து வந்து தொட்டியில் தண்ணீர் ஏற்றினார், நாங்கள் நாலு பேர் குடத்தைத் தூக்கிக்கொண்டு வயசானவர்கள் இருக்கிற வீடுகளுக்குக் கொடுத்தோம், யார் எந்தச் சாதி எந்தச் சாமி என்று யாரும் கேட்கவில்லை. ஒரு கலசம் தண்ணீர் கொடுக்கிறவன் பலனை அடையாமல் போகமாட்டான் என்று மாற்கு 9-ல் இருக்கிறதைப் பிறகொரு நாள் வாசித்தபோதுதான் அந்த நாட்களில் என்னை யார் நடத்திக்கொண்டு போனார் என்று தெரிந்தது. மனசு ஒட்டாத நாட்களில் அவர் சொன்னதில் ஒன்றையாவது கையால் செய்யுங்கள். மனசு பின்னாலேயே வரும்.

பொறையாறு மருமகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி அத்தையும் நானும் மாற்கு மூன்று அதிகாரம் வாசித்தோம், நாத்தனார் மகன் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டான். அத்தை இத்தனை வருஷத்தில் மாற்குவை இப்படித் தொடர்ச்சியாக வாசித்ததில்லை என்றார்கள்.

ஒரு விஷயம் முதலில் எழுதக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன், இப்போது கேட்கிறேன். வீட்டுக் கூட்டத்துக்கு வருகிற ஒரு அக்கா, பொங்கலுக்கு நான் அம்மா வீட்டுக்குப் போகக் கூடாது, போனால் விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டேன் என்று அர்த்தம் என்கிறார்கள். அம்மா தனியாக இருக்கிறார்கள். அப்பா போன பிறகு அந்த வீட்டில் அடுப்பில் பானை ஏற்றக்கூட இன்னொரு கை இல்லை. என் கணவர் தாராளமாகப் போய் வா என்கிறார். எனக்குத்தான் மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

திருவாரூர் அக்கா:

தங்கச்சி, இதை வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அம்மாவைப் போய்ப் பாருங்கள்.

நீங்கள் வாசிக்கிற அதே மாற்குவில் 7-ம் அதிகாரம் வரும்போது நிதானமாக வாசியுங்கள். தகப்பனுக்கும் தாய்க்கும் கொடுக்க வேண்டியதை, இது கடவுளுக்குக் காணிக்கை, கொர்பான், என்று சொல்லிக் கொடுக்காமல் விடுகிறவர்களைப் பற்றி இயேசு எவ்வளவு கோபமாகப் பேசுகிறார் என்று பாருங்கள். பக்தியைக் காரணம் காட்டிப் பெற்றவர்களைக் கைவிடுவதை அவர் பக்தி என்று ஏற்றுக்கொள்ளவே இல்லை. சிலுவையில் தொங்குகிற நேரத்திலும் தம் தாயை ஒரு சீஷனிடம் ஒப்படைத்தார் என்று யோவான் எழுதுகிறார். அப்படிப்பட்டவர் உங்கள் அம்மாவைத் தனியாக விடச் சொல்வாரா? படையலில் என்ன செய்வது, எதில் கலந்துகொள்வது, எதில் விலகி நிற்பது என்பதெல்லாம் உங்கள் மனசாட்சிக்கும் உங்கள் போதகருக்கும் உங்களுக்கும் இடையில் பேச வேண்டிய காரியம், அதை அடக்கமாக அம்மாவிடமே சொல்லலாம், பெற்றவளுக்குப் புரியும். ஆனால் போவதா வேண்டாமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள், கூடமாட வேலை செய்யுங்கள், ரெண்டு நாள் தங்குங்கள்.

இன்னொன்று. வெளியிலிருந்து வந்தவள் என்று உங்களுக்குள் ஒரு தாழ்வு இருப்பதுபோல் உங்கள் முதல் பதிவில் பட்டது. சுவிசேஷங்களில் இயேசு விசுவாசம் பெரிது என்று வியந்து பேசியது யாரை என்று தேடிப் பாருங்கள். ஒருவர் ரோமப் படையில் இருந்த நூற்றுக்கு அதிபதி, தன் வேலைக்காரனுக்காக வந்தவர். இஸ்ரவேலில் இப்படி ஒரு விசுவாசத்தைக் காணவில்லை என்கிறார். இன்னொருவர் தீரு சீதோன் பக்கத்துக் கானானியப் பெண், தன் மகளுக்காக வந்தவள். உன் விசுவாசம் பெரிது என்று அவளுக்கே நேரில் சொல்கிறார். இரண்டு பேருமே வெளி ஆட்கள், வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் கிடையாது. சிலுவைக்கு நேரே நின்று, இந்த மனுஷன் மெய்யாகவே தேவனுடைய குமாரன் என்று சொன்னதும் ஒரு ரோமச் சிப்பாய்த் தலைவன்தான். அப்போது சீஷர்கள் எங்கே இருந்தார்கள்?

சாட்சி சொல்கிறவர்களைப் பார்த்தும் கலங்க வேண்டாம், அவர்களுக்கு நடந்தது உண்மையாகவே இருக்கட்டும், அதற்காக நானும் நன்றி சொல்கிறேன். ஆனால் ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த மறுநாளே அவருடைய பேச்சு கடினம் என்று பலர் விட்டுப் போனதை யோவான் 6-ல் வாசிக்கிறோம். பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்தது ஒருவன், அவனும் சமாரியன். என் மகன் வேலை இல்லாமல் இருந்த நாட்களில் எனக்குப் பெரிய தரிசனம் ஒன்றும் கிடைக்கவில்லை. பிசாசு பிடித்த பையனின் தகப்பன் மாற்கு 9-ல் கத்துகிறானே, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று, அந்த ஒரு வரியைத்தான் பாத்திரம் விளக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஜெபத்தைக் கேட்டு, போய் முழுசாக விசுவாசித்துவிட்டு வா என்று அவர் சொல்லவில்லை. பையனைக் குணமாக்கினார்.

மாயவரம் தம்பி:

அக்கா, நீங்கள் மூன்று பேர் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்ததுதான் எனக்கு இந்தத் திரியிலேயே பெரிய விஷயமாகப் படுகிறது. மாற்கு 2-ல் நாலு பேர் கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்குகிறார்கள் இல்லையா, அங்கே இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று வருகிறது. படுத்திருந்தவன் வாயைத் திறந்து எதுவும் கேட்டதாக இல்லை. மனசு ஒட்டாத நாட்களில் உங்கள் அத்தை விசுவாசத்தின் மேல் நீங்கள் படுத்துக்கொள்ளலாம், அவர்களுக்கு முடியாத நாளில் நீங்கள் தூக்கலாம்.

எனக்கும் ஒரு சந்தேகம், டீச்சர் பார்த்தால் சொல்லவும். முதல் அதிகாரத்தில் குஷ்டரோகியைக் குணமாக்கிவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்று கண்டிப்பாகச் சொல்கிறார். யவீருவின் மகளை எழுப்பிய பிறகும் அதே. நல்ல காரியத்தை ஏன் மறைக்க வேண்டும்?

தஞ்சாவூர் டீச்சர்:

தம்பி, அந்தக் குஷ்டரோகி என்ன செய்தான், அதனால் என்ன ஆனது என்று அடுத்த வசனத்தைப் பாருங்கள். எல்லா இடத்திலும் போய்ச் சொல்லிவிட்டான், இயேசுவால் வெளிப்படையாக ஊருக்குள் போகவே முடியவில்லை. குணமாக்குகிறவர் என்று மட்டும் அவரை அறிந்துகொண்டு கூட்டம் சேர்ந்தால், அவர் சொல்ல வந்ததைக் கேட்க ஆளிருக்காது. மேசியா என்றால் ரோமரை விரட்டுகிற ராஜா என்று எதிர்பார்த்த காலம் வேறு. பேதுரு "நீர் கிறிஸ்து" என்று சொன்னதும்கூட ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்றுதான் கட்டளை கொடுக்கிறார், உடனே பாடுகளைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். சிலுவையைச் சேர்க்காமல் அவரைப் பற்றிச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும் என்பதற்காகவே அந்தத் தடை என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

ஆனால் 5-ம் அதிகாரத்தில் ஒரே ஒருவனிடம் நேர்மாறாகச் சொல்கிறார். பிசாசு பிடித்துக் கல்லறைகளில் திரிந்து, இயேசுவால் குணமானவன், ஏரிக்கு அக்கரையில் புறஜாதியார் பகுதியைச் சேர்ந்தவன், உம்மோடு வருகிறேன் என்று கெஞ்சுகிறான். வேண்டாம், உன் வீட்டுக்குப் போ, உன் ஆட்களிடம் கர்த்தர் உனக்கு இரங்கிச் செய்ததைச் சொல் என்று அனுப்பிவைக்கிறார். பொறையாறு மகளே, கொரடாச்சேரிக்குக் கிளம்புவதற்கு முன்னால் அந்த அதிகாரத்தை அத்தையோடு வாசித்துவிடுங்கள். 8-ம் அதிகாரம் முடிந்ததும் இங்கே வந்து எழுதுங்கள், அடுத்த பாதியை எல்லாரும் சேர்ந்தே வாசிக்கலாம்.